நூத்தியெட்டு துணி சோமாசி

எங்க மாமியார் ஹாலுக்குள்ள வந்து, தரையில கிடந்த வட்ட வட்டத் துணியைப் பார்த்துட்டு கேட்ட முதல் கேள்வி, “ஏத்தா, தீபாவளிக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கே, அதுக்குள்ள என்ன சோமாசி?” அப்ப சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா இதைவிட சரியா யாரும் சொல்லிட முடியாது. மாவைத் தேய்ச்சு, டப்பா மூடியால வட்டம் போட்டு, நடுவுல பூரணம் வச்சு, ஓரத்தை மடிச்சு ஒட்டுறோம்ல, அதே வேலைதான். என்ன, இங்க மாவுக்கு பதிலா காடா துணி, பூரணத்துக்கு பதிலா ஒரு பழைய ஈரிழைத் துண்டு, அதுக்கு மேல ஒரு சுங்குடி பீஸ், ஒரு பக்கம் மட்டும் மடிக்காம நாலு பக்கமும் மடிப்பு. இப்படி 108 செஞ்சு ஒன்னோட ஒன்ன சேர்த்தா ஒரு கட்டில் போர்வை வருது.

கில்ட், அதாவது ரெண்டு துணிக்கு நடுவுல பஞ்சு வச்சு தைக்கற ஒட்டுப் போர்வை, அதைத் தைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, ஆனா பயம். ஏன்னா வழக்கமான முறையில மேல் துணியை முழுசா ஒட்டுப்போட்டு முடிச்சு, நடுவுல பஞ்சு ஷீட் விரிச்சு, அடியில இன்னொரு துணி விரிச்சு, இந்த மூனையும் சேர்த்து ஒரு மெத்தை மாதிரி சுருட்டி மிஷினோட கழுத்துக்குள்ள திணிச்சு திணிச்சு தைக்கணும். நம்ம வீட்டு மிஷின் கழுத்துல இருக்கறதே ஆறேழு இஞ்ச் இடம். நான் ஒரு தடவை எங்க பையனுக்கு (வீட்டுல தம்பின்னுதான் கூப்பிடுவோம்) சின்னதா ஒன்னு அப்படி முயற்சி பண்ணி, பாதியில துணி எடை இழுத்து ஊசி ஒடிஞ்சு, அப்புறம் அந்த பாதி கில்ட் ரெண்டு வருஷம் இஸ்திரி போடற விரிப்பாதான் கிடந்துச்சு.

அப்புறம்தான் துண்டு துண்டா அப்பப்பவே பஞ்சு வச்சு தைச்சுட்டு கடைசியா சேர்க்கற முறை ஒன்னு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அமெரிக்கால நார்த் கரோலினாவுல ஜார்ஜியா போன்ஸ்டீல்னு ஒரு அம்மா இதை டிவியிலயே சொல்லிக் கொடுத்து பிரபலமாக்கினாங்க, மடியில வச்சு தைக்கற கில்ட்னு. வீட்டுல பெரிய மேஜை இல்லாதவங்களுக்கு, பஸ்ஸுல போறப்பவும் கையில ஏதாவது வேலை இருக்கணும்னு நினைக்கறவங்களுக்கு ஏத்த முறை. அதுலயே இந்த வட்டம் மடிக்கற டைப் எனக்கு ரொம்பப் பிடிச்சுச்சு, காரணம் சோம்பேறித்தனம்தான். பின்பக்கத்துக்கு தனித் துணி வேண்டாம், ஓரத்துக்கு கிராஸ் பீஸ், அதாவது துணியை சாய்வா வெட்டி, பைப்பிங் கொடுக்க வேண்டாம், ஒரு வட்டமே பின்பக்கமும் ஆகுது, முன்பக்க மடிப்பும் ஆகுது, ஓரமும் ஆகுது.

அளவுலதான் முதல் குழப்பம். எனக்கு முடிஞ்சதும் 6 இஞ்ச் சதுரம் வேணும், அப்ப வட்டம் எவ்வளவு பெருசு இருக்கணும்? நான் பாட்டுக்கு 8 இஞ்ச்ல வெட்டி மடிச்சு பார்க்கறேன், மூலையில எல்லாம் சதுரம் வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. பத்தாவது படிக்கற தம்பிதான் பார்த்துட்டு, “அம்மா, சதுரத்தோட மூலைவிட்டம்தான் வட்டத்தோட விட்டம், பித்தாகரஸ் போடும்மா”ன்னான். 6 பெருக்கல் 6 முப்பத்தாறு, இன்னொரு முப்பத்தாறு, மொத்தம் 72, அதோட வர்க்கமூலம் 8.48. ஆக எட்டரை இஞ்ச். எந்த அளவு வேணும்னாலும் சதுரத்தோட பக்கத்தை 1.414-ஆல பெருக்கினா போதும், 5 இஞ்ச் வேணும்னா 7 இஞ்ச் வட்டம், 7 இஞ்ச் வேணும்னா 10 இஞ்ச் வட்டம். பள்ளிக்கூடத்துல இதை யாராவது தையல் மிஷின் முன்னாடி உட்கார வச்சு சொல்லியிருந்தா நானும் கணக்குல பாஸ் பண்ணியிருப்பேன்.

முதல்ல ஒத்தைத் துணியிலயே 20 வட்டம் வெட்டி, மடிச்சு, மடிப்பு ஓரத்துல மேல் தையல் ஓட்டி, ரொம்ப பெருமையா சேர்த்தும் வச்சுட்டேன். ஒரே ஒரு தடவைதான் துவைச்சேன். ஓரமெல்லாம் பிசிறு தட்டி நூல் நூலா தொங்குது, சில இடத்துல பிசிறு தையல் வரைக்கும் போயி மடிப்பே கழண்டு வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. வட்டமா வெட்டினா துணியோட நேர் நூலும் குறுக்கு நூலும் கிராஸும் மாறி மாறி ஓரத்துக்கு வரும்ல, கிராஸ் வர்ற இடம் பரவாயில்ல, நேரா வர்ற இடம்தான் உதிருது. ஜீன்ஸ் துணியில செய்யறவங்க ஒத்தை வட்டத்துலயே செய்யறாங்க, ஜீன்ஸ் பிசிறு தட்டினா அதுவே ஒரு அழகு, பூ மாதிரி குஞ்சம் விடும். காடா துணியில அது குஞ்சம் இல்ல, பிச்சைக்காரன் வேஷம்.

அதனால ரெட்டை வட்டம். நல்ல பக்கமும் நல்ல பக்கமும் உள்ள பார்க்கற மாதிரி ரெண்டு வட்டத்தை வச்சு, சுத்தி கால் இஞ்ச் விட்டு முழுசா தைச்சு, ஒரு வட்டத்துல மட்டும் நடுவுல ரெண்டு இஞ்சுக்கு ஒரு கீறல் போட்டு அது வழியா வெளிய திருப்பணும். திருப்பறதுக்கு முன்னாடி ஓரத்துல சுத்தி சுத்தி கத்திரியால சின்னச் சின்ன கட் கொடுக்கணும், இல்லன்னா வட்டம் வராது, பன்னிரண்டு மூலை உள்ள ஒரு வஸ்துதான் வரும். அப்புறம் மரக்கரண்டி காம்பை உள்ள விட்டு ஓரத்தை நெம்பி இஸ்திரி. அந்த கீறல் எப்படியும் சதுரத் துணிக்கு அடியில மறைஞ்சுடும், அதனால தைக்கவே வேண்டாம்.

இதுல ஒரு நல்ல விஷயம், கீறல் போடற உள்வட்டம் கடைசியில வெளிய தெரியவே தெரியாது. அப்புறம் எதுக்கு புதுத் துணி? மாமாவோட எட்டு முழ வேட்டி ரெண்டு, கரை நைஞ்சு போயி கார் துடைக்க எடுத்து வச்சிருந்தது, அதுலயே உள்வட்டம் மொத்தமும் ஆயிடுச்சு. கீறல் போடறப்ப மட்டும் ரெண்டு விரலால உள்வட்டத்தை தனியா கிள்ளித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வெட்டுங்க. ராத்திரி பதினோரு மணிக்கு சீரியல் பார்த்துக்கிட்டே வெட்டினா என்னை மாதிரி ரெண்டு துணியும் சேர்த்து கிழிச்சுட்டு, அப்புறம் அந்தக் கிழிசலுக்கு பின்பக்கம் ஒரு இலை ஷேப்ல ஒட்டுப்போட்டுட்டு டிசைன்னு சொல்லிக்க வேண்டியதுதான்.

எட்டரை இஞ்ச் வேணும்னா வெட்டறது 9 இஞ்ச். அச்சுக்கு முதல்ல தினசரி காலண்டர் அட்டையில வட்டம் வெட்டி வச்சிருந்தேன். நாப்பது அம்பது வட்டம் வரைஞ்சதும் பேனா உரசி உரசி அட்டை ஓரம் தேய்ஞ்சு போச்சு, அது கண்ணுக்கு தெரியல, சேர்க்கறப்பதான் தெரியுது, பழைய வட்டத்துக்கும் புது வட்டத்துக்கும் மூலை சேரவே மாட்டேங்குது. அதுக்கப்புறம் அடுக்களையில இருக்கற எவர்சில்வர் டிபன் தட்டெல்லாம் எடுத்து இஞ்ச் டேப் வச்சு அளந்து, சரியா 9 இஞ்ச் உள்ள ஒன்னை பிடிச்சேன். மூனு மாசமா அந்தத் தட்டு மிஷின் டிராயர்லதான் இருக்கு.

அடுத்தது பன்னா, அதாவது துணியோட அகலம். நான் வாங்கினது 44 பன்னா காடா. ஒரு வரிசையில 9 இஞ்ச் வட்டம் அஞ்சு வெட்டணும்னா 45 வேணும். ஒரே ஒரு இஞ்ச்ல ஒரு வட்டம் போச்சு, நாலுதான் வருது, அப்ப 108 வட்டத்துக்கு 27 வரிசை, 243 இஞ்ச், ஆறே கால் மீட்டர் கிட்ட. துவைச்சு சுருங்கினதுக்கு அப்புறம் என் கையில இருந்ததோ அஞ்சரை மீட்டர். (காடாவை துவைக்காம மட்டும் தொடாதீங்க, கஞ்சி போனதும் நல்லாவே சுருங்கும்.) நான் தலையில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், அத்தை வெங்காயம் உரிச்சுக்கிட்டே எட்டிப் பார்த்துட்டு, “ஒன்னுக்கு நேரா ஒன்னு ஏன் வைக்கிற? ரெண்டுக்கு நடுவுல இருக்கற பள்ளத்துல இறக்கி வையி. சோமாசிக்கு மூடி போடறப்ப அப்படித்தானே போடுவோம், இல்லன்னா மாவுல பாதி திரும்ப உருட்டணும்ல”ன்னாங்க.

வச்சுப் பார்த்தேன். ரெண்டாவது வரிசையை பாதி வட்டம் தள்ளி பள்ளத்துல இறக்கினா ஒவ்வொரு வரிசைக்கும் 9 இஞ்ச் இல்ல, 7.8 இஞ்ச்தான் செலவு. மொத்தம் 212 இஞ்ச். முக்கால் மீட்டருக்கு மேல மிச்சம், என்கிட்ட இருந்த துணியிலயே இழுத்துப் பிடிச்சு வந்துருச்சு. தம்பி இதையும் ஏதோ அறுகோணம்னு விளக்கினான், அத்தைக்கு அதெல்லாம் தெரியாது, மைதா வீணாகக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனா ஒன்னு நேர்மையா சொல்லிடறேன், இது துணியைத் தின்னற முறை. 9 இஞ்ச் துணி கொடுத்தா 6 இஞ்ச்தான் திரும்பக் கிடைக்கும். மிச்சத் துணியை காலி பண்ணணும்னு இதுல இறங்குனீங்கன்னா ஏமாந்துடுவீங்க. வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவுல மிஞ்சற கொம்பு கொம்பான பீஸையெல்லாம் ஒரு தலையணை உறையில அடைச்சேன், வீட்டுக்காரர் ஒரு ராத்திரி அதுல படுத்துட்டு காலையில கழுத்தைத் திருப்ப முடியாம ஆபீஸ் போனார்.

சேர்க்கறது இப்படி. உள்பக்கத்துல, அதாவது கீறல் இருக்கற பக்கத்துல, 6 இஞ்ச் சதுர அட்டையை வச்சு நாலு மூலையும் வட்டத்தோட விளிம்பைத் தொடற மாதிரி சாக்பீஸ்ல கோடு. ரெண்டு வட்டத்தையும் வெளிப்பக்கமும் வெளிப்பக்கமும் ஒட்டற மாதிரி வச்சு ஒரு கோட்டு மேல ஒரே ஒரு தையல், ஆரம்பத்துலயும் முடிவுலயும் கெட்டித் தையல். விரிச்சா தையலுக்கு அந்தப் பக்கம் மிச்சமான ரெண்டு பிறையும் மேல வந்து நிக்கும், அதை ஆளுக்கு ஒரு பக்கமா மடிச்சு படுக்க வச்சா ரெண்டும் சேர்ந்து ஒரு இலை. இப்படி 9 வட்டத்தை வரிசையா சேர்த்துட்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் துண்டும் சுங்குடியும் வச்சு, பக்கவாட்டு மடிப்பை மட்டும் அதுக்கு மேல இழுத்து விட்டு வளைவோட மேல் தையல். மேல கீழ இருக்கற மடிப்பை இப்ப தைக்கக் கூடாது, அடுத்த வரிசை அதுலதான் சேரணும். நான் ஒரு வரிசை முழுக்க நாலு பக்கமும் தைச்சு முடிச்சுட்டு அப்புறம் பிரிச்சேன். பிரிக்கறது தைக்கறதைவிட மூனு மடங்கு நேரம்.

துண்டு விஷயம். கடையில பாலியஸ்டர் பஞ்சு ஷீட் கிடைக்குது, நானும் வாங்கினேன், நாலு கட்டத்துக்கு வச்சு பார்த்தேன். பொசுபொசுன்னு அழகாத்தான் இருக்கு, ஆனா மதுரை வெயிலுக்கு அதைப் போர்த்திக்கிட்டு படுக்கறதும் இட்லிப் பானைக்குள்ள படுக்கறதும் ஒன்னுதான். அதை எடுத்துட்டு நைஞ்ச ஈரிழைத் துண்டா போட்டேன், வருஷக் கணக்கா துவைச்சு துவைச்சு இனிமே சுருங்க அதுல எதுவுமே இல்ல, வேர்வையும் இழுக்கும். சதுரத்தைவிட கால் இஞ்ச் கம்மியா, அஞ்சே முக்கால்ல வெட்டினா மூலையில தடிக்காது. ஊசி 16 நம்பர் போட்டுக்கோங்க, தையலையும் கொஞ்சம் பெருசா வச்சுக்கோங்க, இலை சேர்ற இடத்துல ஆறு ஏழு மடிப்பு வருது, 14 நம்பர் அங்க திணறுது.

மேல வைக்கற துணிக்கு தெருமுனை தையல்காரர் அண்ணன்கிட்ட சொல்லி வச்சேன், ஒரு அரிசிப்பை நிறைய கொடுத்தார், சுங்குடி, லுங்கி கட்டம், ஸ்கூல் யூனிஃபார்ம், ஜாக்கெட் பிட். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, 6 இஞ்ச் துணி வச்சாலும் நாலு பக்கமும் மடிப்பு ஒன்னேகால் இஞ்ச் உள்ள வந்து மூடிடும், கண்ணுக்குத் தெரியறது நாலு முனை நட்சத்திரம் மாதிரி ஒரு ஷேப்தான், நடுவுல அகலம் மூனரை இஞ்ச். சுங்குடிப் புள்ளி, சின்ன கட்டம், இதெல்லாம் ஜோரா உட்காருது. பெரிய பூ, பெரிய டிசைன் வச்சா போச்சு. ஒரு கலம்காரி பீஸ்ல அழகா ஒரு யானை இருந்துச்சு, ஆசையா வச்சேன், மடிச்சதும் தலை மடிப்புக்குள்ள போயிடுச்சு, நாலு காலும் வயிறும் மட்டும் நிக்குது.

வளைவு தைக்கறதுல அவசரமே கூடாது. மூலை வந்ததும் ஊசியை துணிக்குள்ள இறக்கி வச்சுட்டு, துணியை அழுத்திப் பிடிக்கற ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பி, ஃபுட்டை இறக்கி, அப்புறம் மிதிக்கணும். கால் மிஷின்ல இது சுகமா இருக்கு, மோட்டார் போட்டதுல அது பாட்டுக்கு ஓடிடுது. ஒரு கட்டத்துக்கு நாலு வளைவு, மொத்தம் 432. ஒவ்வொன்னும் ஆறேமுக்கால் இஞ்ச் கிட்ட வரும், கணக்கு போட்டா 73 மீட்டர். அதுக்கு முன்னாடி வட்டத்தை திருப்பறதுக்கு சுத்தி தைச்சோமே, அதுவும் அதே 73 மீட்டர்தான், ஏன்னா ரெண்டும் ஒரே கோடு. இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு வேலையே ஓடல.

நாலு கட்டம் சேர்ற இடத்துல எவ்வளவு கவனமா தைச்சாலும் ஒரு சின்ன ஓட்டை நிக்கும். சுண்டு விரல் நுழையாது, ஆனா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா தெரியும். சிலர் பட்டன் வைக்கறாங்க, படுக்கறப்ப முதுகுல உறுத்தும். நான் சிவப்பு நூலை ரெட்டையா கோத்து கையாலயே முடிச்சு போட்டு அடைச்சேன், 9-க்கு 12 கட்டத்துல உள்ள இந்த மாதிரி 88 சந்து வரும். அம்பது முடிச்சு தாண்டினதும் தள்ளி நின்னு பார்த்தா அசல் புள்ளிக் கோலம், நாலு புள்ளிக்கு நடுவுல ஒரு நட்சத்திரம், புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில இலை. நான் டிசைன்னு எதையும் யோசிக்கவே இல்ல, வட்டம் ஒன்னு மேல ஒன்னு ஏறினா அதுதான் வரும் போல.

மடிச்ச துணி, பூ, இதெல்லாம் நம்ம பக்கத்துலயே வேற மாதிரி இருக்கு தெரியுமா. கர்நாடகால உத்தர கன்னட மாவட்டத்துல, எல்லாப்பூர், ஹளியாள் பக்கம், ஆப்பிரிக்க வம்சாவளி சித்தி மக்கள் இருக்காங்க. அவங்க பொம்பளைங்க பழந்துணியில தைக்கற கவுதிங்கற போர்வையை ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி நடுவுக்கு கையாலயே தைச்சுக்கிட்டு வருவாங்க. முடிச்சதும் நாலு மூலையிலயும் துணியை முக்கோணமா மடிச்சு ஒட்டணும், அதுக்குப் பேரே பூதான். அந்தப் பூ இல்லன்னா போர்வை அம்மணமா இருக்குன்னு சொல்லுவாங்களாம். வட்டமும் இல்ல, மிஷினும் இல்ல, பித்தாகரஸும் இல்ல. அதை எல்லாம் பார்த்த பிறகு நான் என் 432 வளைவைப் பத்தி பெருசா அலட்டிக்கறதை நிறுத்திட்டேன். கொஞ்சம் நிறுத்திட்டேன்.

ஓரம் வந்ததும் நிஜமாவே ஜாலி. சேர்க்க வட்டம் இல்லாததால வெளி மடிப்பை அப்படியே உள்ள மடிச்சு தைச்சா ஓரம் முடிஞ்சுது. முடிச்சு, தராசுல வச்சேன், ஒன்னேமுக்கால் கிலோ. நாலரை அடிக்கு ஆறடி.

அப்புறம் துவைச்சேன். இங்கதான் என்னை நானே அடிச்சுக்கணும். காடாவை துவைச்சேன், வேட்டியும் துண்டும் ஆயிரம் தடவை துவைச்சது, அந்த சிவப்பு சுங்குடி பீஸை மட்டும் புதுசுன்னு அப்படியே வச்சு தைச்சிருக்கேன். வாளித் தண்ணியைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைச்சுருச்சு. தண்ணியில தனியா ஊற வச்சு, சாயம் நிக்கற வரைக்கும் ரெண்டு மூனு தண்ணி அலசிட்டு அப்புறம்தான் வெட்டியிருக்கணும், எனக்கு இது தெரியாம இல்ல, சுங்குடி கட்டற ஊர்லயே பொறந்தவ. சிவப்பு இருந்த பதினாலு கட்டத்தைச் சுத்தி இருக்கற இலையெல்லாம் வெளிறின ரோஸ் ஆயிடுச்சு. மொட்டை மாடிக் கொடியில போட்டுட்டு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தேன், அத்தை வந்து பார்த்துட்டு, “மருதாணி அழிஞ்ச கை மாதிரி இருக்கு, என்ன இப்ப”ன்னு சொல்லிட்டு காயறதுக்குள்ள தனக்குன்னு சொல்லி வச்சுட்டாங்க.

இப்ப மத்தியானத் தூக்கத்துக்கு அவங்ககிட்டதான் இருக்கு. தலையில்லாத யானை கால்மாட்டுக்குப் போற மாதிரிதான் விரிப்பாங்க. படுத்துக்கிட்டே ஒவ்வொரு மடிப்பா விரலை விட்டு நோண்டிப் பார்ப்பாங்க, எங்கயாவது தையல் விட்டிருக்கான்னு. பதினோராவது வரிசையில ஒன்னு மாட்டிக்கிச்சு, ஒரு வளைவு பாதி வரைக்கும் தைக்காம விட்டிருக்கேன். கொடுங்க தைச்சுத் தர்றேன்னு நாலு நாளா கேக்கறேன், தரமாட்டேங்கறாங்க. அதுக்குள்ள ஒரு பத்து ரூபா நோட்டை நாலா மடிச்சு வச்சிருக்காங்க, கீரைக்காரிக்கு கொடுக்க.